பாம்பன் வீட்டு உறவுகள் குழு: பெரியப்பாவின் கண்

சகாயம்: மதுரையில் நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு பிஎஸ்பி (புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி) என்கிற மூளை நோயாக இருக்கும் என்கிறார். பார்க்கின்சன் மாதிரி தெரியும், ஆனால் அது வேறாம். எம்ஆர்ஐ படத்தில் நடுமூளை சுருங்கி ஹம்மிங்பேர்ட் பறவை மாதிரி இருக்கிறது என்று காட்டினார். எனக்குப் பறவையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

ரோஸ்மேரி அத்தை: கண்ணில் கோளாறு என்றுதானே போனீர்கள்? நரம்பு டாக்டருக்கு இதில் என்ன வேலை? புரை ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லை என்று நான் அப்போதே சொன்னேன்.

சகாயம்: ஆபரேஷனில் குறையே இல்லை அத்தை. எழுத்துப் பலகையைக் கடகடவென்று வாசித்தார். காலடியில் கிடக்கிற கயிறுதான் தெரியவில்லை.

அந்தோணி சித்தப்பா: அதெப்படிப்பா? பாலத்துக்கு அந்தப் பக்கம் வருகிற வள்ளம் யாருடையது என்று சரியாகச் சொல்கிறார். தட்டில் இருக்கிற மீனைத் தேடுகிறார்!

ஜெனிட்டா: அப்பா, பெரியப்பாவுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. விழியைக் கீழே இறக்கத்தான் முடியவில்லை. விழியை மேலும் கீழும் ஓட்டுகிற இடம் நடுமூளையில் இருக்கிறது. டௌ என்ற புரதம் திரண்டு, அங்கே உள்ள செல்கள் அழிகின்றன. முதலில் விழி ஓடுகிற வேகம் குறையும். அப்புறம் கீழே பார்ப்பதே நின்றுவிடும். பக்கவாட்டில் பார்ப்பது பொதுவாக பிறகுதான் கெடும். டொரண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி என்ற மூன்று டாக்டர்கள் 1964இல் இதைத் தனி நோய் என்று எழுதினார்கள்.

சகாயம்: டாக்டர் ஒன்று செய்து காட்டினார் ஜெனி. விரலைக் கீழே கொண்டுபோய் ‘பாருங்கள்’ என்றார், அப்பா கண் நகரவில்லை. அப்புறம் ‘என் மூக்கையே பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு, தலையைப் பிடித்து மெதுவாகப் பின்னால் சாய்த்தார். கண் தானாகக் கீழே இறங்கியது!

ஜெனிட்டா: அதுதான் அண்ணே முக்கியமான சோதனை. கண் தசையும் அதற்குப் போகிற நரம்பும் வேலை செய்கின்றன. தலை அசைந்தால் உள்காதிலிருந்து போகிற கட்டளை கண்ணுக்குப் போய்ச் சேர்கிறது. நாமாகக் கீழே பார்க்க நினைக்கிற கட்டளைதான் சேரவில்லை.

அந்தோணி சித்தப்பா: சுக்கான் நன்றாக இருக்கிறது, மேலே இருந்து வருகிற சங்கிலி அறுந்துபோச்சு. அப்படித்தானே பாப்பா?

ஜெனிட்டா: அதேதான் அப்பா.

ரோஸ்மேரி அத்தை: அண்ணன் அடிக்கடி மல்லாக்க விழுந்தாரே, அதுவும் இதனால்தானா?

ஜெனிட்டா: ஆமாம் அத்தை. பார்க்கின்சனில் விழுவது பெரும்பாலும் வருடங்கள் கழித்து வரும். இதில் ஆரம்பத்திலேயே வரும், அதுவும் பின்பக்கமாக. கழுத்தும் முதுகும் விறைத்துப்போகும், கீழே படியும் தெரியாது. இமைப்பதும் ரொம்பக் குறைந்துவிடும். கடைத்தெருவில் முறைத்துக்கொண்டு போகிறார் என்று பேசுகிறார்களே, அது கோபம் இல்லை. கண் காயாமல் இருக்க டாக்டர் சொட்டு மருந்து எழுதியிருப்பார், விடாமல் போடுங்கள்.

அந்தோணி சித்தப்பா: மண்டபத்தில் நம் கூட்டாளி ஒருவர் பார்க்கின்சனுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பேப்பர் வாசித்தால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். அதுவும் இதுவோ?

ஜெனிட்டா: அது வேறப்பா. கிட்டத்தில் பார்க்க இரண்டு விழியும் மூக்குப் பக்கம் திரும்ப வேண்டும், பார்க்கின்சனில் அது குறையலாம். பிரிசம் வைத்த கண்ணாடி சிலருக்கு உதவும். கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ரோஸ்மேரி அத்தை: [வீடியோ] இந்தக் கண் பயிற்சியைப் பார். ஒரு மண்டலம் செய்தால் எல்லாம் சரியாகுமாம்.

ஜெனிட்டா: அத்தை, இதைக் குணப்படுத்த இன்றைக்கு மருந்தே கிடையாது, பயிற்சியும் கிடையாது. யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பார்கள், சிலருக்குக் கொஞ்ச நாள் கேட்கும். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

சகாயம்: வீட்டில் என்ன மாற்ற வேண்டும் என்று சொல், அதை இன்றைக்கே செய்கிறேன்.

ஜெனிட்டா: முதலில் அந்த இரண்டு பாகக் கண்ணாடியைக் கழற்றுங்கள். வாசிக்கிற பாகம் அடியில் இருக்கிறது, விழி அங்கே போகாது. தூரத்துக்கு ஒன்று, வாசிக்க ஒன்று என்று தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். தரையில் உட்கார்த்திச் சாப்பாடு வைக்க வேண்டாம். மேசைமேல் முக்காலி வைத்து, அதன்மேல் தட்டு. நடைபாதையில் வலை, கயிறு, செருப்பு எதுவும் கிடக்கக் கூடாது. ஒன்று ரொம்ப முக்கியம்: விழுங்குவதும் கெடும், புரையேறி நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிவிடும். கஞ்சித் தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்க விடாதீர்கள். விழுங்குவதைச் சோதிக்கிற ஸ்பீச் தெரபிஸ்டை எங்கே பார்க்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அந்தோணி சித்தப்பா: எங்களுக்கும் வருமா பாப்பா? கூடப் பிறந்தவர்கள் நாங்கள் நாலு பேர்.

ஜெனிட்டா: பெரும்பாலும் வழிவழியாக வருவதில்லை அப்பா. பயப்படாதீர்கள்.

அந்தோணி சித்தப்பா: சரி. முக்காலியை நான் கொண்டுவருகிறேன். வாசல் படிக்குக் கைப்பிடி அடிக்க நாளைக்கே ஆசாரியைக் கூப்பிடுகிறேன்.

ரோஸ்மேரி அத்தை: மருமகனே, நாளைக்கு நான் அங்கே வருகிறேன். முள் தொல்லை இல்லாமல் சுறாப் புட்டு செய்து எடுத்து வரட்டுமா?

ஜெனிட்டா: புட்டு வேண்டாம் அத்தை, உதிரியாகத் தொண்டையில் சிக்கும். குழம்பில் நன்றாக மசித்துக் கொடுங்கள்.

ரோஸ்மேரி அத்தை: அப்படியென்றால் குழம்பே வைக்கிறேன். சகாயம், வீட்டில் புளி இருக்கிறதா?