மழையில் மூடி, வெயிலில் திறக்கும் சுவர் விரிசல். எதனால்?

தெக்குவீடு:
வணக்கம். கோவில்பட்டி பக்கம், கரிசல் மண். 2012-ல் கட்டின தளம் போட்ட வீடு. கருங்கல் கடைக்கால், அதுக்கு மேலே சுத்தி ஓடுற பெல்ட் கான்கிரீட்டும் உண்டு. பத்து வருஷம் ஒரு கீறல் கிடையாது. 2023 சித்திரையில் மொட்டை மாடி முழுக்கத் தகர ஷீட் போட்டோம். 40-க்கு 30 அடி, வாட்டம் மொத்தமும் தெற்குப் பக்கம். அடுத்த மாசியில் தென்கிழக்கு அறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா மேலே ஏறுற மாதிரி ஒரு விரிசல். மேஸ்திரி வெட்டி அடைச்சுப் பூசினார். பங்குனியில் அதே இடத்தில் திரும்ப வந்துடுச்சு. ஐப்பசி மழையில் நூல் மாதிரி ஆகி, இப்போ வெயிலில் காசு விளிம்பு நுழையுது. அந்த அறைக் கதவும் மழைக்காலத்தில் தட்டுது. திரும்பப் பூசலாமா?

பூச்சுவேலை:
நல்லா ஆழமா வெட்டி, கோழிவலை வெச்சுப் பூசச் சொல்லுங்க. பழைய பூச்சு ஒழுங்கா பிடிச்சிருக்காது.

வேப்பமரத்தடி:
மழையில் கதவு தட்டுறது சகஜம்தானே, மரம் உப்பும்.

தெக்குவீடு:
கதவும் நிலையும் இரும்புங்க.

மட்டப்பலகை:
இரும்புன்னா உப்பலை, நிலை கோணுது. தம்பி, பூச்சை விடுங்க. ரெண்டு கேள்வி. ஷீட் தண்ணி கீழே எங்கே விழுது? தெற்குச் சுவர் ஓரத்துத் தரை எப்படி இருக்கு?

தெக்குவீடு:
நேரா தரையில்தான் சார் விழுது. ஷீட் ஒன்றரை அடி வெளியே நீட்டியிருக்கு. இப்போ போய்ப் பார்த்தேன். ஷீட்டோட ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேரா தரையில் ஒரு குழி, பல்லாங்குழி மாதிரி வரிசையா. சுவரில் ரெண்டடி உயரத்துக்குச் சேறு தெறிச்ச கறை.

மட்டப்பலகை:
அதுதான் விஷயம். ஷீட் போடுறதுக்கு முன்னாடி மாடித் தண்ணி குழாயில் இறங்கித் தள்ளிப் போச்சு. இப்போ எல்லாம் ஒரே சுவர் ஓரத்தில் கொட்டுது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழைன்னா ஒரு லிட்டர். உங்க ஷீட் சுமார் 111 சதுர மீட்டர். ஒரே ராத்திரி 5 செ.மீ. பெய்தா 5,500 லிட்டர், அதாவது 500 லிட்டர் டேங்க் பதினொண்ணு. கடைக்கால் பக்கத்திலேயே கவுத்துறீங்க.

செம்மண்ணா இருந்தா அரிப்போடு போயிருக்கும். கரிசல் குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கும். வீட்டுக்கு நடுவில் உள்ள மண்ணுக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது. ஓரத்து மண் மட்டும் ஏறி இறங்குது. மூலைக்கு ரெண்டு பக்கமும் வெளி, அதனால அங்கேதான் முதல்ல காட்டும். பெல்ட் இருந்ததால இவ்வளவோட நிக்குது.

ஷீட் விளிம்பில் தண்ணி பிடிக்கிற வாய்க்கால் மாட்டுங்க. ஷீட் போட்டவர் அப்பவே மாட்டியிருக்கணும். எங்க ஊர்ப் பக்கம் இதைக் கேட்டு வாங்குறவங்க குறைவு.

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்தில நாங்கள் இதைப் பீலி எண்டு சொல்லுவம். ஓட்டு வீட்டுக்கும் பூட்டுறது. மாரிக்கு முதல் இலை குப்பையை வழிச்சு எடுக்காட்டில், நிரம்பி பின்பக்கத்தால சுவரிலதான் வழியும்.

தெக்குவீடு:
பீலி, நல்ல சொல்! அந்தத் தண்ணியை ஏற்கெனவே இருக்கிற மழைநீர்க் குழியில் விடலாமா? அதே மூலையிலிருந்து 3 அடி தள்ளி இருக்கு.

மட்டப்பலகை:
கூடவே கூடாது. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கினதிலிருந்து, பேருக்கு ஒரு குழியைச் சுவரை ஒட்டித் தோண்டிடுறாங்க. கரிசல் தண்ணியைக் கீழே விடாது. குழி நிறைஞ்சு பக்கவாட்டில் கடைக்காலைத்தான் நனைக்கும். தரைத் தொட்டி இருந்தா அதில் விடுங்க, நிறைஞ்சு வழியுறது தோட்டத்துக் கடைசிக்குப் போகட்டும்.

6 இன்ச் பிவிசி குழாயைப் பாதியா அறுத்தாலே போதும். நடுவை உசத்தி ரெண்டு பக்கமும் வாட்டம் குடுங்க, 10 அடிக்கு அரை இன்ச். ரெண்டு முனையிலும் 4 இன்ச் குழாய் இறக்கணும். தாங்கி ரெண்டடிக்கு ஒண்ணு. கீழே அந்தக் குழிகளைச் சரளை போட்டு இடிச்சு மூடி, சுவரிலிருந்து வெளியே சரியுற மாதிரி 3 அடி அகலத்துக்கு சிமெண்ட் தளம் போடுங்க.

விரிசலை இப்போ தொடாதீங்க. ரெண்டு பக்கமும் பென்சிலால் புள்ளி வெச்சு, இடைவெளியை அளந்து தேதி எழுதுங்க. ஒரு மழை, ஒரு கோடை போகட்டும். பெருசாகிட்டே போனா நேரில் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டணும்.

தெக்குவீடு:
ஐப்பசியில் திரும்ப வந்திருக்கேன். பீலி மாட்டியாச்சு, முந்தாநாள் மழைக்குத் தொட்டி நிறைஞ்சு வழிஞ்சது. கதவு இன்னும் தட்டலை. ஆனா 40 அடியையும் ஒரே நீளமா ஒட்டினோம், நடு ஒட்டு விட்டுப்போய்ச் சொட்டுது. திரும்பப் பசை போடவா?

மட்டப்பலகை:
வேண்டாம், திரும்பவும் விடும். பிவிசி வெயிலில் நீளும், 40 அடிக்கு ஒரு இன்ச் வரைக்கும் போகும். நடுவில் பிரிச்சு ரெண்டு தனித்தனிப் பீலியாக்குங்க, ரெண்டுக்கும் முனையில் மூடி. நடுவே ஒரு இன்ச் இடைவெளி விடுங்க. அது ஷீட்டோட மேட்டுக்கு நேரா வரணும், பள்ளத்துக்கு நேரா வந்தா அங்கேயே ஊத்தும். பென்சில் அளவை வைகாசியில் வந்து சொல்லுங்க தம்பி.