லைசின் டெஸ்ட் பாசிட்டிவ் வந்தா ஷிகெல்லா (ரத்தபேதி கிருமி) இல்லைன்னு முடிவு பண்ணலாமா?

மைக்ரோ_மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். மலம் சாம்பிள்ல இருந்து வந்த கல்ச்சர், மெக்கான்கி அகார்ல நிறமில்லாத காலனி (லாக்டோஸை ஃபெர்மென்ட் பண்ணல), டிஎஸ்ஐ ட்யூப்ல (மூணு சர்க்கரையும் இரும்பும் உள்ள மீடியா) மேல சிவப்பு அடில மஞ்சள், கேஸ் இல்ல, எச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) கருப்பும் இல்ல. ஆக்ஸிடேஸ், சிட்ரேட், யூரியேஸ் எல்லாம் நெகட்டிவ், மொட்டிலிட்டி இல்ல, இன்டோல் சிவப்பு வளையம் பளிச்சுன்னு வந்துச்சு, மேனிட்டாலும் பாசிட்டிவ். ஷிகெல்லால ஒரு ஸ்பீஷீஸான ஃப்ளெக்ஸ்னெரியா இருக்கும்னு ஆன்டிசீரா (ஆன்டிபாடி உள்ள சீரம்) போட்டா எதுலயும் திரியல (கட்டி சேரல). லைசின் ட்யூப் வேற ஊதா, அதாவது பாசிட்டிவ்! இது ஷிகெல்லாவோட ஏதாவது வேரியன்ட்டா?

அகார்_பிரியன்:
ஆன்டிசீரால திரியலன்னு உடனே விட்டுடாதீங்க, சஸ்பென்ஷனை கொதிக்கிற தண்ணில அரை மணி நேரம் வச்சு, ஆறினதும் திரும்ப போடுங்க. சில டைப்ல வெளிப்புறத்துல இருக்கற கே ஆன்டிஜென் மேல நின்னு, ஆன்டிசீரா பிடிக்க வேண்டிய ஓ ஆன்டிஜெனை மறைச்சிடும்.

ட்யூப்_பார்ப்பவர்:
கொதிக்க வைக்கறது இருக்கட்டும், முதல்ல லைசினை சொல்லுங்க. மேல எண்ணெய் விட்டீங்களா, லைசின் இல்லாத கன்ட்ரோல் ட்யூப் பக்கத்துல இருந்துச்சா? அதுல முதல்ல குளுக்கோஸ் ஃபெர்மென்ட் ஆகி மஞ்சளாகும், அந்த ஆசிட்ல தான் என்சைம் லைசின் மேல வேலை செஞ்சு கடாவரின்ங்கற காரப் பொருள் உண்டாகி திரும்ப ஊதாவுக்கு வரும். கன்ட்ரோலும் ஊதாவாவே நின்னா அந்த ரிசல்ட் செல்லாது.

மைக்ரோ_மாணவி:
எண்ணெய் இருக்கு சார். கன்ட்ரோல் நல்ல மஞ்சள், லைசின் மட்டும் ஊதா.

ட்யூப்_பார்ப்பவர்:
அப்போ ஷிகெல்லா இல்ல. நாலு ஸ்பீஷீஸ்லயும் லைசின் நெகட்டிவ் தான். உங்க கைல இருக்கறது இன்னாக்டிவ் ஈ. கோலை, பழைய ஆளுங்க ஆல்கலெசன்ஸ்-டிஸ்பார்னு சொல்லுவாங்க, லாக்டோஸ் தொடாது, கேஸ் விடாது, நகராது, அப்படியே ஷிகெல்லா வேஷம் போட்டு நிக்கும். வேணும்னா அசிடேட், மியூகேட் டெஸ்ட்டும் போடுங்க, பாசிட்டிவ் வந்தா இன்னும் உறுதி, ஆனா நெகட்டிவ் வந்துச்சுன்னு திரும்ப ஷிகெல்லா பக்கம் போயிடாதீங்க.

ஜீன்_பைத்தியம்:
லைசினுக்கு ஏன் இவ்வளவு மரியாதைன்னா, அந்த கடாவரின் ஷிகெல்லாவோட டாக்சினை செயல்படவிடாம தடுக்கும், அதனால அது நோய்க்கிருமியா மாறின வழில அந்த லைசின் என்சைமை உண்டாக்கற காட்ஏ ஜீனையே தொலைச்சிடுச்சு. குடல் செல்லுக்குள்ள நுழையற ஈஐஈசி வகை ஈ. கோலையும் பெரும்பாலும் லைசின் நெகட்டிவ் தான், காரணமும் இதே. ஜீன் கணக்குல பார்த்தா ஷிகெல்லாவே ஒரு ஈ. கோலை தான், வைத்தியத்துக்கு வசதின்னு தனி பேரை விட்டு வச்சிருக்காங்க. மால்டி-டாஃப்ல (புரோட்டீன் எடையை வச்சு கிருமியை அடையாளம் காணற மெஷின்) வச்சு சரிபார்க்கலாம்னு நினைக்காதீங்க, ரெண்டையும் நம்பிப் பிரிக்க அதால முடியாது.

அகார்_பிரியன்:
சரி, கொதிக்க வைக்கற வேலை வேண்டாம், கன்ட்ரோல் மஞ்சள்னா லைசின் போதும். அந்த வேரியன்ட் கேள்விக்கு மட்டும்: ஆன்டிஜென் மாறினா செரோவார், பயோகெமிக்கல் மாறினா பயோவார். காலரா கிருமி நல்ல உதாரணம், அதுல க்ளாசிக்கல், எல் டார்னு ரெண்டு பயோவார்: க்ளாசிக்கல் விபி (வோஜஸ்-ப்ராஸ்காவர் டெஸ்ட்) நெகட்டிவ், 50 யூனிட் பாலிமிக்சின் பி ஆன்டிபயாடிக் டிஸ்க்ல வளராது, எல் டார் விபி பாசிட்டிவ், டிஸ்க் ஓரம் வரை வளரும். இதுலயும் இப்போ குழப்பம், க்ளாசிக்கல் டாக்சின் ஜீனை வச்சிருக்கற எல் டார் பரவிடுச்சு, பாலிமிக்சினுக்கு அடங்கற எல் டாரும் வருது, அதனால டிஸ்க்கை மட்டும் பார்த்து க்ளாசிக்கல்னு எழுதிடாதீங்க, விபியையும் சேர்த்து பாருங்க.