போர்டெல்லோப் போத்தலில் வசிய மருந்து: பிள்ளைகளோடு ஓபரா பார்த்தவர்கள் எழுதுங்கள்

வெள்ளவத்தை அம்மா:

மகளுக்கு ஒன்பது வயது. போன மாதம் கொழும்பு 7இல் ஒரு மண்டபத்தில் சிறுவர்களுக்கான ஓபரா, அதாவது வசனத்தையும் பாடியே நடிக்கிற மேற்கத்திய நாடகம், என்று டிக்கெட் கிடைத்தது. டொனிசெட்டி என்ற இத்தாலியர் இசையமைத்து 1832இல் மிலானில் மேடையேறிய ‘லெலிசிர் தமோரே’, அதாவது ‘காதல் மருந்து’. முழுதாகப் பாடினால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகும். இங்கே ஒரு மணித்தியாலமாகக் கத்தரித்து, வாத்தியக் குழுவுக்குப் பதிலாக ஒற்றைப் பியானோவோடு செய்தார்கள். பாட்டெல்லாம் இத்தாலிய மொழியில்தான். நடுநடுவே ஒரு தம்பி வந்து மூன்று மொழியிலும் கதை சொல்லிவிட்டுப் போனார். மாமாவையும், அதாவது என் மாமனாரையும், கூட்டிக்கொண்டு போனோம். அவருக்கு வர விருப்பமில்லை. வீட்டில் கரண்ட் இல்லை, அதனால் வந்தார்.

கதை இதுதான். நெமொரீனோ என்று ஒரு ஏழைப் பொடியன். அதீனா என்ற வசதியான பெண்ணை நினைத்து உருகுகிறான், அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் படித்தவள், ஊராரைக் கூட்டி வைத்துப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறாள். திரிஸ்தான் என்பவன் மந்திரவாதியிடம் மருந்து வாங்கிக் குடித்தானாம், உடனே கல்நெஞ்சுக்காரி இசோல்தா இளகிவிட்டாளாம். அவள் அதைச் சிரிப்புக்குத்தான் வாசிக்கிறாள். இவன் அதைக் கேட்டுவிட்டு அந்த மருந்து எங்கே விற்கும் என்று தேடத் தொடங்குகிறான்.

அப்போதுதான் துல்கமாரா வருகிறார். பெரிய தொப்பி, வண்டி நிறையப் போத்தல். ஊராரைக் கூப்பிட்டு மூச்சு விடாமல் பாடுகிறார். பல்வலி போகும், எலி சாகும், மூட்டைப்பூச்சி சாகும், ஆஸ்துமா, நீரிழிவு எல்லாம் தீரும், முகச் சுருக்கம் மறையும். எல்லாம் ஒரே போத்தலில்! மண்டபம் அமைதியாக இருந்தது. மகள் மட்டும் எழும்பி, “அம்மா, 100 பஸ்ஸில வாற மாமா!” என்று கத்தினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் அவள் சொன்னது சரிதான். 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டையில் ஏறி, நோவெண்ணெய்க் குப்பியை உயர்த்திப் பிடித்து, கொள்ளுப்பிட்டி வருவதற்குள் முழங்கால் தொடங்கித் தலையிடி வரை எல்லாவற்றையும் குணமாக்கிவிட்டு இறங்குகிற அந்த மனிதரேதான்.

பொடியன் கையில் இருந்த ஒரே பொற்காசைக் கொடுத்து மருந்து வாங்குகிறான். உள்ளே இருப்பது போர்தோ என்ற சிவப்பு வைன். சிறுவர் நிகழ்ச்சி என்பதால் மேடையில் அது எங்கள் போர்டெல்லோச் சோடா. நிறம் அச்சொட்டாக அதே நிறம், பெயரிலும் பாதி வந்துவிட்டது. மருந்து வேலை செய்ய ஒரு முழு நாள் ஆகும் என்கிறார் துல்கமாரா. அதற்குள் அவர் ஊரை விட்டே போய்விடலாம் அல்லவா. இந்த இடத்தில் பிள்ளைகளை விட மாமாதான் கூடுதலாகச் சிரித்தார்.

காதல் கதையை இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று வீட்டில் ஒரு கேள்வி இருந்தது. மகளுக்குக் காதலில் அக்கறையே இல்லை. அவளுடைய கவலை வேறு: “அவர் ஏன் லேபிளை வாசிக்கேல்லை?” பதில் பிற்பகுதியில் வந்தது. இன்னொரு போத்தல் வாங்கக் காசில்லை. இருபது பணத்துக்காகப் பட்டாளத்தில் சேர்கிறான் நெமொரீனோ. பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு சிலுவைக் குறி கீறுகிறான். கைநாட்டு! மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவருக்கு எழுதத் தெரியாது” என்று மெல்லச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை அப்பப்பா:

பிள்ளை, உங்கள் மாமா சிரித்ததில் ஆச்சரியம் இல்லை. வசனம் பேச வேண்டிய இடத்தில் பாடுவது எங்களுக்குப் புதிதா? நான் யாழ்ப்பாணத்தில் பொடியனாக இருந்தபோது இசைநாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் நாடகத்தை விடிய விடிய இருந்து பார்த்தவன். அரிச்சந்திரன் சுடலையில் நின்று பாடப் பாடச் சனம் அழும். அங்கே ஆர்மோனியம், இங்கே பியானோ.

இந்த ஓபராவின் முழு இசையையும் பேரன் போனில் போட்டுக் காட்டினான். சிரிப்புக் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் நின்று, பசூன் என்ற குழல் வாத்தியம் ஒன்று தனியாக அழத் தொடங்குகிறது. அதீனாவின் கண்ணில் ஒரு துளி கண்ணீரைக் கண்டுவிட்டேன் என்று பொடியன் பாடுகிற இடம் அது. பகிடிக்கு நடுவே சோகத்தை இப்படிக் கொண்டுவந்து வைக்கத் துணிவு வேண்டும். பியானோ மட்டும் வைத்துச் செய்தால் அந்தக் குழல் போய்விடும். ஒரு வாத்தியத்துக்காவது ஆளைக் கூப்பிட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இரட்டைப்பிள்ளை அம்மா, தெகிவளை:

எங்களுடையதுகளுக்கு நாலு வயது. ஒன்று நித்திரை, மற்றது பதினைந்து நிமிடத்தில் “றோல்ஸ் எப்ப?” என்று கேட்டது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கொண்டு போகாதீர்கள். இன்னொன்று. வசிய மருந்து என்று மேடையில் சொன்னதும் என் அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஊரில் ‘மருந்து வைத்துவிட்டாள்’ என்று ஒரு மருமகளைப் படுத்திய பாடு அவவுக்குத் தெரியும். இத்தாலியனுக்கு அது பகிடி, எங்கள் வீட்டில் அது அவ்வளவு பகிடி இல்லை.

முன்னாள் நெமொரீனோ:

பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இதே கதையைச் சுருக்கித் தமிழில் செய்தோம், பாட்டுகளின் மெட்டு மட்டும் இத்தாலி. நான்தான் நெமொரீனோ, பதினாலு வயது, குரல் அப்போதுதான் உடைந்துகொண்டிருந்தது. எங்களிடமும் போர்டெல்லோதான். முதல் ஒத்திகையில் போத்தலைப் புதிதாகத் திறந்து அரைவாசி குடித்தேன். அடுத்து, மருந்து வேலை செய்யப்போகிற தைரியத்தில் அதீனாவைக் கவனிக்காதவன் மாதிரி ‘லல்லரா லல்லரா’ என்று பாட வேண்டும். முதல் ‘லல்’ வந்தது, அப்புறம் வந்தது ஏப்பம். மைக்கில்! அதீனாவாக நடித்த அக்கா மேடையிலேயே குந்திவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து சங்கீத டீச்சர் முதல் நாள் இரவே போத்தலைத் திறந்து வைத்து, காஸ் போன பிறகுதான் மேடைக்கு அனுப்புவார். துல்கமாராவாக வந்தவன் மிருதங்கம் படிப்பவன். அந்த வேகப் பாட்டு எங்கள் எல்லாருக்கும் நாக்குச் சிக்கியது. அவன் மட்டும் அதை ஜதி மாதிரி முதலில் தொடையில் தட்டிப் பழகி, பிறகு சொற்களை ஏற்றினான். ஒரு சொல் பிசகவில்லை. அவன் கூத்துக் குடும்பத்துப் பிள்ளை என்று பிறகுதான் தெரிய வந்தது.

கைநாட்டு இடத்தில் எங்களுக்கும் சிரிப்பு வரவில்லை, அக்கா. ஆனால் அதீனா அந்தப் பத்திரத்தைத் தன் காசில் திருப்பி வாங்கிக்கொண்டு வருகிற இடத்தை உங்கள் மகளுக்கு நினைவுபடுத்துங்கள். மருந்து எதுவும் செய்யவில்லை, அவள்தான் எல்லாவற்றையும் செய்கிறாள். துல்கமாரா மட்டும் எல்லாம் தன் மருந்தின் மகிமை என்று சொல்லி மிச்சப் போத்தல்களையும் விற்றுவிடுவார்.

வெள்ளவத்தை அம்மா:

சொன்னேன், தம்பி. “அதை முன்னமே செய்திருக்கலாம்தானே” என்றாள்.

இன்னொரு விஷயம். வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு வெறும் போர்டெல்லோப் போத்தலைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வெள்ளைக் கடதாசியில் ‘முழங்கால், பல், எலி’ என்று எழுதி ஒட்டினாள். லேபிள் கட்டாயம் வேண்டுமாம். ஐம்பது ரூபாய்க்கு மாமாவிடம் விற்றுவிட்டாள். அவர் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்துவிட்டு, “எப்ப வேலை செய்யும்?” என்று கேட்டார்.

“நாளைக்குப் பின்னேரம், அப்பப்பா. ஆனா நான் நாளைக்கு அம்மம்மா வீட்டை போயிடுவன்.”