எட்டு வருட அனுபவம் இருக்கு, டி.ஃபார்ம் (பார்மசி டிப்ளமோ) இல்லை: பாலக்கோட்டில் மெடிக்கல் போட முடியுமா?

மாரண்டஅள்ளி ரோடு:
மெடிக்கல் கவுண்ட்டரில் எட்டு வருட அனுபவம், படிப்பு பத்தாவது. பாலக்கோட்டில் 100 சதுர அடி கடை ஒன்று வாடகைக்கு வருது. நாலு வருட அனுபவம் காட்டினாலே லைசென்ஸ் தருவாங்கன்னு ஒருத்தர் சொல்றார். இன்னொரு வழி, ஓசூரில் ஒரு பார்மசிஸ்ட் மாசா மாசம் பணம் வாங்கிட்டு சர்டிபிகேட்டை மட்டும் தர்றாராம். அவர் கர்நாடகாவில் பதிவு பண்ணவர். எது சரிப்படும் அண்ணா?

பில்புக்:
நாலு வருடக் கணக்கு மொத்த வியாபாரத்துக்கு. அதுக்கான 20பி, 21பி லைசென்ஸுக்குப் பொறுப்பாளரா பார்மசிஸ்ட் இருக்கலாம். அல்லது பத்தாவது பாஸ் பண்ணி மருந்து விற்பனையில் நாலு வருடம் இருந்தவர். அல்லது டிகிரியோட ஒரு வருடம் இருந்தவர். சில்லறைக் கடைக்கு 20 (பொதுவான மருந்துகள்), 21 (இன்சுலின், தடுப்பூசி மாதிரி மருந்துகள்) லைசென்ஸ். அங்க எட்டு என்ன, இருபது வருட அனுபவமும் பார்மசிஸ்ட் பதிவுக்கு ஈடாகாது. டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கிறது பதிவு பெற்ற பார்மசிஸ்ட் கையாலோ, அவர் நேரடிக் கண்காணிப்பிலோதான் நடக்கணும். உரிமையாளர் நீங்களா இருக்கலாம், பார்மசிஸ்டைச் சம்பளத்துக்கு வைக்கணும், அவ்வளவுதான்.

கடைக்கு முன்பணம் கொடுத்துடாதீங்க. சில்லறைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் வேணும், அதாவது கிட்டத்தட்ட 108 சதுர அடி. உங்க கடையில் எட்டு சதுர அடி உதைக்குது. வீட்டுக்காரர் சொல்ற அளவை நம்பாம, சுவர் கனத்தைச் சேர்க்காம உள்ளே டேப் பிடிச்சுப் பாருங்க. அதே இடத்தில் மொத்தமும் சில்லறையும் சேர்த்துப் பண்றதா இருந்தா 15 சதுர மீட்டர்.

சீட்டு மடிப்பு:
ஓசூர் யோசனையில் ரெண்டு ஓட்டை. பார்மசி சட்டம் 1948-படி, ஒருத்தர் எந்த மாநிலத்தில் தொழில் பண்றாரோ அந்த மாநிலப் பதிவேட்டில் பேர் இருந்தாத்தான் அவர் பதிவு பெற்ற பார்மசிஸ்ட். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் செல்லுற பதிவு இந்தப் பக்கம் செல்லாது. முதல்ல தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பேர் ஏறணும்.

ரெண்டாவது, ஆள் இல்லாத சர்டிபிகேட். டிஐ (மருந்து ஆய்வாளர்) வரும்போது சுவரில் சர்டிபிகேட் தொங்கும், கவுண்ட்டரில் அந்த ஆள் இருக்க மாட்டார். அன்னைக்குப் போட்ட ஷெட்யூல் ஹெச் (டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்கிற பட்டியல்) மருந்து பில்லை எடுத்தா, அத்தனையும் பார்மசிஸ்ட் இல்லாம கொடுத்ததுன்னு ஆகிடும். லைசென்ஸை நிறுத்தி வைக்கவோ ரத்து பண்ணவோ அதுவே போதும். அவர் பேர் வேற கடையிலயும் ஓடிட்டிருந்தா இன்னும் சிக்கல். பாதிச் சம்பளத்துக்கு சர்டிபிகேட் கிடைக்குதுன்னு போறவங்க இந்தக் கணக்கைப் போடறதே இல்லை.

முறையா வெச்ச பார்மசிஸ்ட் விலகினாலும் ஒரு மாசத்துக்குள்ள லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும். புது ஆள் வர்ற வரைக்கும் சீட்டு மருந்து விற்கக் கூடாது. பெரும்பாலான கடை இங்கதான் மாட்டுது.

மாரண்டஅள்ளி ரோடு:
புரியுதுங்க. அப்போ மலை ஊர்ல பெட்டிக்கடையில காய்ச்சல் மாத்திரை விக்கிறாங்களே, அது?

பில்புக்:
மருந்து விதிகளோட விலக்குப் பட்டியலான ஷெட்யூல் கே-வில் ஒரு விலக்கு இருக்கு. ஆயிரம் பேருக்கு மேல் இல்லாத ஊரில் பாரசிட்டமால், வலி தைலம், கிரைப் வாட்டர், பேண்டேஜ் மாதிரி வீட்டு மருந்துகளை லைசென்ஸ் இல்லாமலே விற்கலாம். லைசென்ஸ் உள்ளவர்கிட்ட வாங்கியிருக்கணும், மூல பேக்கிங்கைப் பிரிக்கக் கூடாது. சித்தேரி, வத்தல்மலைப் பக்கக் குக்கிராமங்களுக்குப் பொருந்தலாம். பாலக்கோடு பேரூராட்சி, அந்தப் பேச்சே இல்லை. ஆன்டிபயாடிக் எந்த ஊரிலும் இதில் வராது.

குளிர்பெட்டி:
விண்ணப்பம் ஃபாரம் 19. கட்டணம் 20 லைசென்ஸுக்கு 1,500 ரூபாய், 21 லைசென்ஸுக்கு 1,500 ரூபாய். வாடகை ஒப்பந்தம், கடை வரைபடம், பார்மசிஸ்டின் பதிவுச் சான்று, அவருக்கு நீங்க கொடுத்த நியமனக் கடிதம், அவர் ஒப்புக்கொண்ட கடிதம், பிரிட்ஜ் பில் எல்லாம் ஒரே பேர், ஒரே முகவரியில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் ஒரு கதவு எண், வரைபடத்தில் வேற எண்ணா இருந்தா திரும்பி வரும்.

21 லைசென்ஸ் இல்லாம இன்சுலின், தடுப்பூசி வைக்க முடியாது. அதுக்கு 2 முதல் 8 டிகிரி. இன்சுலினை ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீங்க. உறைஞ்சு உருகினது பார்க்க நல்லா இருக்கலாம், ஆனா அதை நம்பிக் கொடுக்கக் கூடாது. உள்ளே தெர்மாமீட்டர் வெச்சுக் காலை, மாலை எழுதி வைங்க. கரண்ட் போனா பிரிட்ஜ் கதவைத் திறக்காம இருக்கிறதே பாதி வேலை.

ஹெச்1 (கட்டுப்பாடு அதிகமான சீட்டு மருந்துப் பட்டியல்) மருந்துக்குத் தனி ரிஜிஸ்டர்: டாக்டர் பேர், முகவரி, நோயாளி பேர், மருந்து, எண்ணிக்கை. மூணு வருடம் வைக்கணும். சீட்டில் எழுதின பிராண்ட் இல்லைன்னா வேற கம்பெனி மருந்தை நீங்களா மாத்திக் கொடுக்கக் கூடாது, டாக்டரைக் கேட்டுட்டுத்தான்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸைத் தக்கவைக்கும் கட்டணம் கட்டணும். தவறினா மாசத்துக்கு 2 சதவீதம் அபராதம், ஆறு மாசம் தாண்டினா லைசென்ஸே ரத்தானதா எடுத்துக்குவாங்க.

சீட்டு மடிப்பு:
போர்டு எழுதறதுக்கு முன்னாடி: மருந்து கலந்து தயாரிக்கிற வசதி இல்லாத கடைக்கு 'பார்மசி'ன்னு எழுத விதி இடம் தராது, 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்'தான். ஊரெல்லாம் பார்மசின்னு போட்டிருக்கே என்பது வேற விஷயம்.