உடற்பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதும் ஸ்டீராய்டும்: நாம் நேரில் கண்டவை

மகளிர் நல மருத்துவர், மதுரை:

உடற்பயிற்சி தொடங்கிய பிறகு மாதவிடாய் நின்றுவிட்டது என்று வரும் பெண்களைப் பற்றி, “ஜிம்முக்குப் போனதால் வந்த வினை” என்று வீட்டார் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இதற்குள் முற்றிலும் வேறான இரண்டு நிலைகள் இருக்கின்றன. நெடுந்தூரம் ஓடும் கல்லூரி மாணவி ஒருவர் இரண்டு இட்லியோடு காலையை ஓட்டும்போது, பயிற்சிக்குச் செலவானது போக உடலுக்கு மிஞ்சும் ஆற்றல், கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோகலோரிக்குக் கீழே இறங்கினால், சினைப்பையை இயக்கும் ஹார்மோன் சமிக்ஞைகளை மூளையே தளர்த்திவிடக்கூடும். உணவைக் கூட்டிப் பயிற்சியைச் சற்றுக் குறைத்தால் பெரும்பாலும் மாதவிடாய் திரும்பிவிடுகிறது; இழந்த எலும்பு வலு முழுதாகத் திரும்பும் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது.

மற்ற நிலையை எனக்குத் தெளிவாகக் காட்டியவர், பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) என்று எழுதிய சீட்டோடு வந்த ஓர் இளம்பெண். முகவாயில் முடியும் முதுகெங்கும் பருவும் கரகரத்த குரலும் இருந்தன. ஆனால் இரத்த அறிக்கையில் சினைப்பையைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள் இரண்டும் தரைமட்டத்தில் இருந்ததோடு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் குறைவாகவே இருந்தது. ஆண் ஹார்மோன் இல்லாமல் அதன் வேலை மட்டும் முகத்தில் எப்படி நடக்கும்? தசை வளர்க்க வெளியிலிருந்து எடுக்கும் ஸ்டீராய்டை, அதாவது ஆண் ஹார்மோனைப் போன்ற செயற்கைச் சேர்மத்தை, அந்தப் பரிசோதனை பெரும்பாலும் அளப்பதில்லை என்பதே விடை. சாப்பிடும் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னபோது, புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குள் பெயரில்லாத மாத்திரைகள் சிறிய பிளாஸ்டிக் உறையில் கிடந்தன. நல்ல கொழுப்பான எச்.டி.எல். மிகவும் இறங்கியிருந்தது, வாய்வழி ஸ்டீராய்டுகளில் இது வழக்கமான அடையாளம்.

பளு தூக்கும் வீராங்கனை, கோயம்புத்தூர்:

“பெண்களுக்கு இது மைல்டுதான், ஒன்றும் செய்யாது” என்று சொல்லி ஒரு பயிற்சியாளர் ஆக்ஸாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நீட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொண்ட தோழிக்கு, நிறுத்திய சில மாதங்களில் மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிட்டது, பருவும் வற்றியது. குரல் மட்டும் திரும்பவில்லை. வங்கியிலிருந்து அழைப்பவர்கள் இன்றும் அவளை “சார்” என்றே விளிக்கிறார்கள். குரல்நாண் ஒருமுறை தடித்துவிட்டால் மருந்தை நிறுத்துவதால் மட்டும் அது மெலிந்துவிடாது என்று காது மூக்குத் தொண்டை மருத்துவர் சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்தவர் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

இயன்முறை மருத்துவர், லைப்சிக்:

நான் வேலை பார்க்கும் இந்த ஊர் பழைய கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்தது. அங்கே 1974 முதல் ‘அரசுத் திட்டம் 14.25’ என்ற பெயரில் வீராங்கனைகளுக்கு ஓரல்-டூரினபோல் என்ற ஸ்டீராய்டு மாத்திரை முறைவைத்துக் கொடுக்கப்பட்டது. யேனாஃபார்ம் என்ற மருந்து நிறுவனம் தயாரித்த அந்த நீல மாத்திரையை வைட்டமின் என்று நம்பி விழுங்கியவர்களில் பலர் பருவ வயதுச் சிறுமிகள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 15 வயதில் மூன்று தங்கம் வென்ற ரிக்கா ரைனிஷ், சினைப்பைப் பாதிப்பினால் இளவயதிலேயே நீச்சலை விட வேண்டியதாயிற்று. விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் எவால்டும் மருத்துவர் மான்ஃப்ரெட் ஹோப்னரும் 2000-இல் பெர்லின் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள்; ஆனால் இருவருக்கும் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைதான். முதுகுவலிக்கு என்னிடம் வரும் முன்னாள் வீராங்கனைகளில் சிலர், கோப்பைகளைப் பற்றிப் பேசுவதைவிடக் கல்லீரலையும் கருச்சிதைவையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

மகளிர் நல மருத்துவர், மதுரை:

தனிச்செய்தியில் இருவர் கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன். கடுமையாக உடற்பயிற்சி செய்தால் ஸ்டீராய்டின் கெடுதல் கழிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பெண் எலிகளுக்கு நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்த ஆய்வுகளில், பயிற்சி செய்த எலிகளுக்கும் சினைப்பைச் சுழற்சி குலைந்தது. மாதவிடாய் நின்றிருப்பதால் கரு தங்காது என்று எண்ணுவதும் ஆபத்து. கருவுற்ற பின்னும் மருந்து தொடர்ந்தால், பெண் சிசுவின் பிறப்புறுப்பு ஆண்தன்மை நோக்கி மாறக்கூடும்.

கல்லீரல் பரிசோதனைக்குப் போகிறவர்கள், முந்தைய சில நாட்களில் கால் பயிற்சி செய்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பரிசோதனையில் அளக்கும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற நொதிகள் இரண்டும் களைத்த தசையிலிருந்தும் கசிந்து ஏறும் என்பதால், கல்லீரலைக் காட்டும் ஜி.ஜி.டி.யும் தசையைக் காட்டும் சி.கே.யும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏற்றம் தசையினாலா, கல்லீரலினாலா என்று பிரித்தறிய வசதியாக இருக்கும். மாத்திரை உறை கையில் இருந்தால் அதையும் தூக்கி எறியாமல் எடுத்து வாருங்கள்.