நம்மைப் பார்க்காத ஓட்டுநர்களுக்கு நடுவே ஸ்கூட்டர்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தினமும் வேலைக்கு ஸ்கூட்டரில் போகிறவர்:

வேலைக்குப் போவதும் மகளைப் பள்ளியில் விடுவதும் எனக்கு ஸ்கூட்டரில்தான். கவனமில்லாமல் வண்டி ஓட்டுகிறவர்களிடம் மாட்டாமல், அதே சமயம் மனசும் கொதிக்காமல் வீடு வந்து சேர அவரவர் என்ன செய்கிறீர்கள் என்று எழுதினால் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ரொம்ப உதவியாக இருக்கும். முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பெரிய சாலையில் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். கிளைச் சாலை வந்து சேரும் இடத்தில் ஒரு கார் நின்றது. ஓட்டியவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். என் முகத்தையே பார்த்த மாதிரிதான் இருந்தது. ஆனால் நான் முகத்தை நம்புவதில்லை, முன் சக்கரத்தைத்தான் பார்ப்பேன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் நட்டுகள் மெல்லச் சுழல ஆரம்பித்தன. கார் நகர்வது நமக்கு உறைப்பதற்கு முன்பே சக்கரம் காட்டிக்கொடுத்துவிடும். விரல்கள் ஏற்கெனவே இரண்டு பிரேக் லீவர் மேலும் இருந்ததால் அலட்டிக்கொள்ளாமல் வேகத்தைக் குறைத்தேன். கார் பாதிச் சாலை வரை வந்த பிறகுதான் அவர் என்னைக் கண்டு திடுக்கிட்டு நிறுத்தினார். அந்தத் திடுக்கிடலிலேயே தெரிந்துவிட்டது, அதற்கு முன்பு நான் அவர் கண்ணில் படவே இல்லை.

இதைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது, அந்தத் தாவலின் நேரத்தில் வரும் காட்சியை மூளை எடுத்துக்கொள்வதில்லை. தலையைச் சட்டென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறவருக்கு, நடுவில் வரும் ஒரு சின்ன வண்டி அப்படியே விடுபட்டுப் போகலாம். இது போதாதென்று, முன்கண்ணாடிக்கு இரண்டு ஓரத்திலும் இருக்கும் தூண் ஒரு ஸ்கூட்டரை முழுசாக மறைத்துவிடும். அவரும் நாமும் ஒரே சீராகச் சந்திப்பை நெருங்கினால், நாம் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே கடைசி வரை ஒளிந்து வருவோம். அதனால்தான் சந்திப்பை நெருங்கும்போது என் பாதைக்குள்ளேயே கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, வேகத்தையும் லேசாக மாற்றிக்கொள்வேன். அசைகிற பொருள் கண்ணில் சீக்கிரம் படும்.

1981-ல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தது. இன்னொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வாகனத்தை ஓட்டியவர் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை என்று அதில் இருக்கிறது. கண்ணில் படாமல் போனதுதான் முக்கியக் காரணமாம். இதைப் படித்ததிலிருந்து என் மனநிலையே மாறிவிட்டது. 'என்னை மதிக்கவில்லை' என்று நினைக்கும்போதுதான் கோபம் வருகிறது. 'என்னைப் பார்க்கவில்லை' என்று நினைத்தால், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க முடிகிறது.

நீங்களும் சொல்லுங்கள்.

கூரியர் வேலை செய்கிறவர்:

அக்கா சொன்ன சக்கர விஷயம் நூற்றுக்கு நூறு சரி. என் வேலையில் நாள் முழுக்க சாலையோரம் நிற்கும் கார்களை ஒட்டித்தான் போக வேண்டியிருக்கிறது. எனக்குப் பெரிய ஆபத்து காரின் கதவுதான்.

ஒரு தடவை வரிசையாக நின்ற கார்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அதில் ஒன்றின் பின்விளக்கு சிவப்பாக எரிந்து அப்போதுதான் அணைந்தது. அப்படியென்றால் உள்ளே ஆள் இருக்கிறார், இப்போதுதான் நிறுத்தியிருக்கிறார், அடுத்து இறங்குவார். கதவின் அகலத்துக்கு மேலேயே இடம் விட்டு, பின்னால் வண்டி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு விலகினேன். நான் பக்கத்தில் போவதற்குள் கதவு முழுசாகத் திறந்தது. ஒரு கால் வெளியே வந்தது, போனில் பேசிக்கொண்டே இறங்கினார். என்னைப் பார்க்கவே இல்லை. நான் இடித்துக்கொள்ளவும் இல்லை, கத்தவும் இல்லை. இடம் இருந்தது, போய்விட்டேன்.

நான் பார்த்துவைத்த அடையாளங்கள்: பின்கண்ணாடி வழியாகத் தெரியும் தலை, அப்போது அணைந்த விளக்கு, உள்ளே எரியும் சின்ன விளக்கு, சாலைப் பக்கம் ஒடித்து வைத்திருக்கும் முன் சக்கரம். கடைசியாகச் சொன்னது இறங்கப் போகிற காரில்லை, கிளம்பப் போகிற கார். இரண்டுமே நமக்கு ஆபத்துதான்.

கார் ஓட்டுகிற நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கதவைத் திறக்கும்போது கதவுப் பக்கம் இருக்கும் கையை விட்டுவிட்டு, மறு கையை நீட்டித் திறந்து பாருங்கள். உடம்பு தானாகவே திரும்பும், கண்ணும் பின்னால் பார்க்கும். நெதர்லாந்தில் இந்தப் பழக்கம் இருப்பதால் டச்சு முறை என்கிறார்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், பின் சீட்டுக் கதவுதான் யோசிக்காமல் திறக்கப்படுகிறது.

இரவுப் பணி முடிந்து திரும்புகிறவர்:

போன் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ராத்திரியில் கண்டுபிடிப்பது சுலபம். கன்னத்திலும் கண்ணாடியிலும் நீலமாக ஒரு வெளிச்சம் தெரியும். பகலில் வண்டியின் நடையைத்தான் பார்க்க வேண்டும். சாலையில் போட்டிருக்கும் கோட்டின் பக்கம் மெல்லச் சாய்ந்துகொண்டே போகும், அப்புறம் வெடுக்கென்று உள்ளே இழுக்கும். காரணமே இல்லாமல் வேகம் குறையும், திடீரென்று கூடும். சிக்னலில் பச்சை விழுந்தும் கொஞ்ச நேரம் அசையாது.

அப்படி ஒரு கார் ஒருநாள் எனக்கு முன்னால் போனது. முந்திப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றும். முந்தினால் என்ன ஆகும்? சாலையைப் பார்க்காத ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் வருவார். அதைவிட அவர் முன்னால் போவதே எனக்கு நல்லது. இடைவெளியை அதிகமாக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அடுத்த சந்திப்பில் அவர் சட்டென்று பிரேக் போட்டார். எனக்கு அது ஒரு சம்பவமாகவே தெரியவில்லை, அவ்வளவு தூரம் இருந்தது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 11 மீட்டர் ஓடிவிடுகிறோம். இரண்டு நொடி இடைவெளி என்றால் 22 மீட்டர். முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பிக்கிறேன், நான் அந்தக் கம்பத்துக்கு வர இரண்டு நொடியாவது ஆக வேண்டும். மழையிலும் இருட்டிலும் இன்னும் கூடுதலாக விடுகிறேன். அந்த இடைவெளிக்குள் யாராவது நுழைவார்கள். நுழையட்டும், நான் மறுபடி கொஞ்சம் பின்வாங்கிக்கொள்வேன்.

இன்னொன்று. போனைக் கையில் பிடிக்காமல் பேசினால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. ஓட்டும்போது போன் பயன்படுத்துகிறவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசுவது அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது இல்லை என்றும் சொல்கிறது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுகிற நம் ஆட்களுக்கும் இது பொருந்தும்.

கூரியர் வேலை செய்கிறவர்:

சிக்னலில் நிற்கும்போது பின்னால் வருகிறவர் போன் பார்த்துக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள் அண்ணா?

இரவுப் பணி முடிந்து திரும்புகிறவர்:

நல்ல கேள்வி தம்பி. நான் முன் வண்டியின் நடுவில் போய் ஒட்டி நிற்பதில்லை. அதன் ஒரு ஓரமாக, நழுவிப் போக ஒரு வழி இருக்கும்படி, கொஞ்சம் இடம் விட்டு நிற்பேன். பின்னால் ஒரு வண்டி வந்து முழுசாக நிற்கும் வரை கண் கண்ணாடியிலேயே இருக்கும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பேன், பின்விளக்கு மினுக்கும். நிலையாக எரியும் விளக்கைவிட மினுக்கும் விளக்கு சீக்கிரம் கண்ணில் படுகிறது.

இதையும் சொல்ல வேண்டும்: ஸ்கூட்டரில் ஆக்சிலரேட்டர் முறுக்கை விட்டாலே வேகம் நன்றாகக் குறையும், ஆனால் பிரேக் லீவரைத் தொடாமல் பின்விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு நாம் மெதுவாவது தெரியவே தெரியாது. அதனால் முறுக்கை விடும்போதே லீவரை லேசாகத் தொட்டுவிடுகிறேன்.

கணவருடன் மாறி மாறி ஓட்டுகிறவர்:

எங்கள் வீட்டில் லாரி, பஸ் விஷயத்தில் ஒரே ஒரு விதிதான். அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் நாமும் அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் நிற்கக் கூடாது, ஒட்டிப் போகவும் கூடாது. நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் போகாமல், உள்பக்கமாகக் குறுக்கி வரும். திருப்பத்தில் உள்பக்கம் காலியாகத் தெரிந்தாலும் அது காலி இல்லை. அவ்வளவுதான், இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

கோபத்தைப் பற்றி எழுதத்தான் வந்தேன். சில மாதங்களுக்கு முன்பு, எதிரே வந்த கார் இண்டிகேட்டர் போடாமல் எங்கள் குறுக்கே திரும்பியது. கணவர் ஓட்டினார், நான் பின்னால். அவர் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தினார், வண்டி நேராக நின்றது. அந்தக் கார் நிற்காமலே போய்விட்டது. துரத்திப் போய்க் கேட்க வேண்டும் என்று எனக்குத்தான் வாய் துடித்தது. அவர் ஒன்றும் சொல்லாமல், இண்டிகேட்டர் போட்டு ஓரமாக ஒதுக்கி, ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினார். 'கை நடுங்குது, நின்னுட்டுப் போலாம்' என்றார்.

நின்றோம். தண்ணீர் குடித்தோம். மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கும்படி விட்டோம். என் நெஞ்சு படபடப்பு அடங்கவே நல்ல நேரம் ஆனது. அந்த நிலையில் ஓட்டியிருந்தால் கண் முன்னால் அந்தக் கார் மட்டும்தான் இருந்திருக்கும், அடுத்த பள்ளமும் அடுத்த ஆளும் தெரிந்திருக்க மாட்டார்கள். ஸ்கூட்டருக்குச் சக்கரம் சின்னது, பள்ளத்தில் விழுந்தால் கைப்பிடி பிடுங்கிக்கொள்ளும். கோபத்தில் ஓட்டுகிறவரும் கவனமில்லாமல் ஓட்டுகிறவர்தானே?

ஆனால் ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே இடிக்க வந்தால், நெருக்கி மிரட்டினால், ஓரமாக ஒதுங்கி எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள். சாலை நடுவில் வாக்குவாதம் மட்டும் வேண்டாம்.

புதிதாக ஓட்டப் பழகுகிறவர்:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். ஹாரன் அடிப்பதா வேண்டாமா என்பதுதான் எனக்குக் குழப்பம். அடித்தால் சிலர் முறைக்கிறார்கள், சிலர் பயந்துபோய் இன்னும் தாறுமாறாகத் திருப்புகிறார்கள்.

தினமும் வேலைக்கு ஸ்கூட்டரில் போகிறவர்:

நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஹாரனை நான் 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்ல மட்டும் பயன்படுத்துகிறேன், திட்டுவதற்கு இல்லை. தூரத்திலேயே, ஆபத்து வருவதற்கு முன்பே, சின்னதாக ஒரு தட்டு. கிட்டே போய் நீளமாக அடித்தால் நீங்கள் சொன்ன மாதிரி அவர்கள் பதறித்தான் போவார்கள். தவிர, ஹாரன் அடித்ததால் பார்த்திருப்பார் என்று முடிவு கட்டாதீர்கள். கண்ணாடி ஏற்றி, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கேட்டே இருக்காது. கட்டை விரல் ஹாரனில் இருக்கும்போதே மற்ற விரல்கள் பிரேக்கில் இருக்கட்டும்.

பிரேக்கையும் காலி இடத்தில் பழகுங்கள். இரண்டையும் சேர்த்து, முதலில் மென்மையாகப் பிடித்து அப்புறம் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். கைப்பிடி நேராக இருக்க வேண்டும், கண் தரையில் இல்லாமல் முன்னால் இருக்க வேண்டும். அவசரத்தில் யோசிக்க நேரம் இருக்காது, கை பழகியதைத்தான் செய்யும்.

இரவில் இன்னும் ஒரு சிக்கல். காருக்கு இரண்டு விளக்கு, அவை விலகிக்கொண்டே வருவதை வைத்து எவ்வளவு வேகமாக வருகிறது என்று எதிரே இருப்பவர் ஊகிப்பார். நமக்கு ஒரே விளக்கு. தூரத்தில் மெதுவாக வருகிற மாதிரித்தான் தெரியும், 'நேரம் இருக்கிறது' என்று குறுக்கே திருப்பிவிடுவார். வெளிர் நிறச் சட்டையும் ஒளி திருப்பும் பட்டையும் போட்டுக்கொள்கிறேன், ஆனாலும் சந்திப்பில் வேகத்தைக் குறைப்பதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

மழையில் ஹெல்மெட் கண்ணாடி பனிமூட்டம் மாதிரி மங்கிப் போவதற்கு யாராவது நல்ல வழி வைத்திருக்கிறீர்களா? கொஞ்சம் திறந்து வைத்தால் கண்ணில் சாரல் அடிக்கிறது, மூடினால் ஒன்றும் தெரிவதில்லை. அதை அடுத்து எழுதுங்கள்.