அழுத்தினால் மறையாத புள்ளிக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

செவிலியர் கையேடு ஒன்று நாளை காலை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். தோலில் சிவந்திருக்கும் இடத்தைக் கண்ணாடித் தம்ளரால் அழுத்தினால் பெரும்பாலும் வெளிறிவிடும். நாளத்திலிருந்து குருதி தோலுக்குள் கசிந்திருந்தால் வெளிறாது. காய்ச்சலோடு அத்தகைய புள்ளி தெரிந்தால், மெனிங்கோகாக்கஸ் போன்ற கிருமி இரத்தத்தில் பரவியிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிரே போகலாம். தலைப்பில் ‘குருதி நஞ்சேற்றம்’ என்றும், உள்ளே ‘மறையாத் தடிப்பு’ என்றும் எழுதியிருக்கிறேன். சரியா?

> ‘மறையாத் தடிப்பு’

ஒற்று சரி, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும். ‘தடிப்பு’தான் தவறு. தடித்தது மேடாக இருக்க வேண்டும். இவற்றில் பல தட்டையானவை. விரலால் தடவித் தேடுபவர் தவறவிட்டுவிடுவார்.

> ‘தடிப்பு’தான் தவறு

உடன்படுகிறேன், ஐயா. ஆனால் ‘மறையா’ என்பதும் வெறுமையாக இருக்கிறது. தொட்ட இடத்தில் விலகி, விட்ட இடத்தில் பரவும் பாசிக்கு, பிரிவால் மேனி வெளிறும் பசலையை ஒப்பிடுகிறது குறுந்தொகையின் 399ஆம் பாடல். தம்ளர் சோதனையே அதில் இருக்கிறது! ‘நட’ என்பதிலிருந்து ‘நடவா’ வருவதுபோல், வெளிறுதலைக் குறிக்கும் ‘பச’ என்பதிலிருந்து ‘பசவா’. ‘பசவாப் புள்ளி’ என்போம். பாசி, பசுமை, பசலை மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதையும் கருதுங்கள்.

> ‘பசவாப் புள்ளி’

அம்மா, உவமை அழகானது. நான் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். இரவு மூன்று மணிக்குப் புதிதாகச் சேர்ந்த செவிலியர் இதைப் படித்து வேரையா தேடுவார்? ‘அழுத்தினாலும் மறையாத புள்ளி’ என்றே எழுதுங்கள். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், வாய் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி மறைந்துவிட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணமும் வந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் மறையும் புள்ளிகளும் உண்டு. சொரியாசிஸ் என்னும் தோல் நோய் முற்றி உடல் முழுவதும் சிவந்து உரிபவருக்குத் தொற்று இல்லாமலேயே நடுக்கமும் காய்ச்சலும் வரும். அவரிடம் தோலை நம்ப முடியாது. மூச்சு வேகம், இரத்த அழுத்தம், மனத்தெளிவு மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

தலைப்பில் ‘குருதி நஞ்சேற்றம்’ வேண்டாம். 2016 வரையறைப்படி, தொற்றை எதிர்க்கும் உடலின் வினையே கட்டுமீறி உறுப்புகளைக் கெடுப்பதுதான் செப்சிஸ்.

> செப்சிஸ்

கிரேக்கத்தில் அது ‘அழுகல்’. அதையே தமிழாக்கினால் என்ன?

> ‘அழுகல்’

நோயாளியின் மகள் காதில் விழும் சொல் அது. வேண்டாம்.

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் ‘செப்சிஸ்’, உள்ளே ‘அழுத்தினாலும் மறையாத புள்ளி’. அனுப்பிவிட்டேன்.

> அனுப்பிவிட்டேன்

தொடரை விளக்கம் என்று ஏற்கிறேன். கலைச்சொல் என்று ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்குப் ‘பசவாப் புள்ளி’யை மீண்டும் முன்வைப்பேன்.